1080-ஐ 224-ஆல் வகுத்தால்: பழைய கன்சோல் விளையாட்டுகளுக்கு எந்த ரெசல்யூஷன், எந்த விகிதம்?

சூப்பர் நின்டெண்டோ டிவிக்கு அனுப்பிய படம் பெரும்பாலும் 256 பிக்சல் அகலம், 224 வரி உயரம். இன்று மேசை மேல் இருக்கும் மானிட்டர் 1920-க்கு 1080. 1080-ஐ 224-ஆல் வகுத்தால் 4.82 வருகிறது. எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில்) பழைய விளையாட்டு ஏன் அசிங்கமாகத் தெரிகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த .82-க்குள் இருக்கிறது.

ஒரு வரியை 4.82 பிக்சல் உயரத்துக்கு வரைய முடியாது. திரை முழுவதும் இழு என்று சொன்னால் எமுலேட்டர் 184 வரிகளை 5 பிக்சல் உயரத்திலும் மீதி 40 வரிகளை 4 பிக்சல் உயரத்திலும் வரையும். நின்ற படத்தில் இது கண்ணுக்குத் தப்பலாம். காட்சி மேலும் கீழும் நகரத் தொடங்கியதும், அந்தக் குட்டை வரிகள் இருந்த இடத்திலேயே நிற்க, படம் அவற்றைக் கடந்து ஓடும். செங்கல் சுவர் கானல் நீர் போல நெளிவது இதனால்தான். அகலத்திலும் இதே கதை. 4:3 விகிதத்தில் 1440 பிக்சல் அகலம் என்றால், 256 நெடுவரிசைகளில் 160-க்கு 6 பிக்சல், 96-க்கு 5. எழுத்தில் ஒரு கோடு தடித்தும் பக்கத்துக் கோடு மெலிந்தும் நிற்கும்.

செட்டிங்கைத் தொடும் முன் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, விளையாட்டு தனக்குள் எத்தனை பிக்சலில் படத்தை வரைகிறது என்பது. இன்னொன்று, வரைந்த படத்தைத் திரைக்கு எத்தனை மடங்கு பெரிதாக்குகிறோம் என்பது. என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ் போன்ற 2டி இயந்திரங்களில் முதல் கேள்விக்கே இடமில்லை. அங்கே படம் ஏற்கெனவே பிக்சல் பிக்சலாக வரைந்து வைக்கப்பட்டது. (சூப்பர் நின்டெண்டோவின் மோட் 7 காட்சிகளை மட்டும் கூடுதல் பிக்சலில் வரையும் பிஎஸ்நெஸ்-எச்டி எமுலேட்டர் ஒரு விதிவிலக்கு.) பிளேஸ்டேஷன், நின்டெண்டோ 64, பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், பிஎஸ்பி ஆகியவை முக்கோணங்களைக் கணக்கிட்டு வரைபவை. அவற்றில் உள் ரெசல்யூஷனை ஏற்றலாம், பலனும் தெரியும். ஒரு வகைக்கான செட்டிங்கை மற்றதற்குப் போட்டால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது.

2டி: உயரத்தை வகுத்துப் பாருங்கள்

பழைய கன்சோல்கள் 240 வரிச் சட்டத்துக்குள் வேலை செய்தன. 720 அதன் 3 மடங்கு, 1440 அதன் 6 மடங்கு, 2160 அதன் 9 மடங்கு. மீதி இல்லை. 1080 மட்டும்தான் ஒட்டாத எண்: நாலரை மடங்கு. அதாவது 1440 அல்லது 4கே மானிட்டர் வைத்திருப்பவருக்கு இங்கே முடிவெடுக்கவே ஒன்றும் இல்லை. பல கன்சோல்களின் எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் செட்டிங்ஸ், வீடியோ, ஸ்கேலிங் என்று போய் 'இன்டிஜர் ஸ்கேல்' (முழு மடங்கில் மட்டும் பெரிதாக்குவது) போட்டுவிட்டால் முடிந்தது. 224 வரி விளையாட்டு 1440-ல் 6 மடங்காகி 1344 உயரத்தில் நிற்கும், மேலும் கீழும் 48 பிக்சல் கறுப்பு. 4கே-யில் 9 மடங்கு, 2016 உயரம், மேலும் கீழும் 72.

1080 திரைக்காரருக்குத்தான் தலைவலி. அவருக்கு மூன்று நியாயமான வழிகள் உண்டு.

நான்கு மடங்கு பாதுகாப்பான வழி. 224 வரி 896 ஆகும், 240 வரி 960. எந்த வரியும் குறையாது, எதுவும் நெளியாது. படம் சிறியதாகிவிடும் என்பதுதான் குறை. பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் மானிட்டரில் இது உறுத்தாது. ஐந்தடி தள்ளி உட்காரும் டிவியில் உறுத்தும்.

ஐந்து மடங்கு துணிச்சலான வழி. 224 வரி 1120 ஆகிறது, திரையில் 1080-க்குத்தான் இடம். மேலே 20, கீழே 20 பிக்சல் வெளியே போகும். மூலப் படத்தில் அது மேலே 4 வரி, கீழே 4 வரி. கேட்கும்போது இழப்பாகத் தோன்றும். ஆனால் குழாய் டிவிகள் படத்தின் ஓரத்தை எப்போதும் சட்டகத்துக்குள் விழுங்கிக்கொண்டுதான் இருந்தன, விளையாட்டு செய்தவர்களும் அதை மனத்தில் வைத்தே ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்காமல் விட்டார்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-ஐ ஓரம் வெட்டாமல் ஆடினால் வலது விளிம்பில் நிறம் மாறிய கட்டங்கள் துடிப்பதைப் பார்க்கலாம். அவை பார்ப்பவருக்குக் காட்ட வைத்தவை அல்ல. 240 வரியையும் முழுதாகப் பயன்படுத்தும் விளையாட்டில் ஐந்து மடங்கு போட்டால் மேலே 12, கீழே 12 வரி போய்விடும். அது அதிகம். ஸ்கோர் வரி அரைகுறையாக வெட்டுப்பட்டால் நான்கு மடங்குக்கு இறங்குங்கள்.

மூன்றாவது, 1080-ஐ முழுதாக நிரப்பி, மீதியைக் கலவையால் மறைப்பது. இதற்கு 'ஷார்ப் பைலீனியர்' ஷேடர் (படத்தைத் திரைக்கு அனுப்பும் முன் மாற்றும் சிறு நிரல்) போதும். முதலில் படத்தை முழு மடங்குக்குப் பெரிதாக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் மென்மையாக இழுக்கும். மங்கல் ஒவ்வொரு பிக்சலின் விளிம்பிலும் ஒரு மெல்லிய கோடாக நின்றுவிடும், நெளிவு ஏறக்குறைய மறைந்துவிடும். பழைய கைப்பேசியிலும் ஓடும் அளவுக்கு இலேசானது. வெறும் 'பைலீனியர் ஃபில்டர்' இதுவல்ல; அது 256 பிக்சலை நேராக 1440-க்கு இழுத்து முழுப் படத்தையும் ஈரத்துணி போட்டுத் துடைத்தது போலாக்கிவிடும். பல எமுலேட்டர்களில் அதுவே முன்னிருப்பாக வருவது வருத்தத்துக்குரியது.

விகிதம்: பிக்சல் சதுரம் அல்ல

'1:1' அல்லது 'ஸ்கொயர் பிக்சல்' என்ற தேர்வு சுத்தமாகத் தோன்றும், ஏனென்றால் மானிட்டரின் பிக்சல் சதுரம். பழைய கன்சோலின் பிக்சல் சதுரம் அல்ல. அமெரிக்கா, ஜப்பானின் 60 ஹெர்ட்ஸ் டிவி முறையான என்டிஎஸ்சியில் சூப்பர் நின்டெண்டோவின் ஒரு பிக்சல் 8:7, அதாவது உயரத்தைவிட அகலம் கொஞ்சம் அதிகம். மெகா டிரைவின் 320 அகல முறையில் 32:35, அதாவது அகலம் குறைவு. எனவே அதே '1:1' செட்டிங், சூப்பர் நின்டெண்டோவில் மாரியோவை எட்டில் ஒரு பங்கு ஒல்லியாக்கும், மெகா டிரைவில் சோனிக்கை ஏறத்தாழ 9 சதவீதம் குண்டாக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். 256-ஐ 8/7-ஆல் பெருக்கினால் 292.57. 320-ஐ 32/35-ஆல் பெருக்கினாலும் 292.57. இரண்டு இயந்திரங்களும் ஒரே டிவியில் ஒரே அகலத்தைத்தான் நிரப்பின. 224 உயரத்துக்கு இந்த அகலம் 4:3-ஐ 2 சதவீத வித்தியாசத்தில் தொட்டுவிடுகிறது. ஆகவே '4:3' என்று போட்டாலே போதும். தசமத்துக்குச் சண்டை போடுவதில் பொருளில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு: ஓவியர்கள் சதுரக் கட்டத் திரையில் வரைந்தார்கள், 1:1-தான் அவர்கள் மனத்தில் இருந்த வடிவம் என்பது. சில விளையாட்டுகளுக்கு அது பொருந்தும். வட்டமான நிலவோ சக்கரமோ வரும் காட்சியில் விகிதத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள்: சில விளையாட்டுகளில் 4:3-ல் வட்டமாகும், சிலவற்றில் 1:1-ல். ஒரே விளையாட்டுக்குள்கூட ஒரு வட்டம் ஒருவிதமாகவும் இன்னொன்று வேறுவிதமாகவும் இருக்கலாம். ஆனால் வரைந்தவர் எதில் வரைந்தாலும் ஆடியவர் பார்த்தது 4:3 டிவியில். சந்தேகம் வந்தால் 4:3 பக்கம் சாயுங்கள். 16:9-க்கு இழுப்பதைப் பற்றி மட்டும் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எல்லாரையும் மூன்றில் ஒரு பங்கு அகலமாக்கும் அந்த 'ஃபுல்' தேர்வு எந்த விளையாட்டுக்கும் உரியதல்ல.

இப்போது முழு மடங்கும் 4:3-ம் மோதிக்கொள்ளும். 1440 மானிட்டரில் மோதாது: உயரத்தில் 6 மடங்கு, அகலத்தில் 7 மடங்கு போட்டால் 256-க்கு 224 படம் 1792-க்கு 1344 ஆகும், அது பிசகில்லாத 4:3. 1080-ல் அப்படி ஒரு ஜோடி அமையவில்லை. உயரம் 4, அகலம் 5 என்றால் 1280-க்கு 896, கொஞ்சம் அகலம் கூடுதல்.

இங்கே உயரத்துக்கும் அகலத்துக்கும் சம மரியாதை தேவையில்லை. குழாய் டிவியில் வரிகள் தனித்தனியானவை, எண்ணிவிடலாம். ஆனால் ஒரு வரிக்குள் இடமிருந்து வலமாகப் போவது தொடர்ச்சியான மின் அலை. அங்கே கட்டம் என்பதே கிடையாது. எனவே உயரத்தை முழு மடங்கில் பூட்டிவிட்டு, அகலத்தைச் சரியான விகிதத்துக்கு விட்டு, அகலத்தில் வரும் சில்லறையை ஷார்ப் பைலீனியரிடம் ஒப்படைப்பதே பழைய டிவியின் இயல்புக்கும் பொருந்தும்.

1080 திரையில் செய்யும் முறை: விகிதத்தில் 'கஸ்டம்' தேர்ந்தெடுங்கள். இன்டிஜர் ஸ்கேலை அணையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் இட எண்களைப் பொருட்படுத்தாது. உயரம் 1120, அகலம் 1463. மேலும் கீழும் சமமாக 20 பிக்சல் வெளியே போகும்வரை Y எண்ணை நகர்த்துங்கள். 292.57-ஐ 5-ஆல் பெருக்கினால் வருவதுதான் 1463. சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், ஓரம் வெட்டி 224 வரியாக்கிய என்இஎஸ் மூன்றுக்கும் அதுவே. பிறகு குவிக் மெனுவில் ஓவர்ரைட்ஸுக்குப் போய் கோர் அளவில் (அந்த ஒரு கன்சோலின் எமுலேட்டருக்கு மட்டும்) சேமியுங்கள். பொதுச் செட்டிங்காகச் சேமித்தால் அடுத்து கேம் பாய் திறக்கும்போது அதுவும் இந்த அளவுக்கு இழுக்கப்பட்டு நிற்கும்.

கூர்மை மட்டுமே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்கின் அருவியைக் கூரான பிக்சலில் பார்த்தால் நெடுக்குக் கோடுகளாக, சல்லடை போலத் தெரியும். மெகா டிரைவின் கலவை வீடியோ வயர் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கரைத்துக் கலக்கும் என்று தெரிந்தே அப்படி வரைந்தார்கள். டிவியில் அது ஒளி ஊடுருவும் நீர். இந்த விளையாட்டுகளுக்கு என்டிஎஸ்சி ஃபில்டர் அல்லது அதை உள்ளடக்கிய சிஆர்டி ஷேடர் (குழாய் டிவியின் தோற்றத்தைக் கொண்டுவருவது) போட்டால்தான் அருவி அருவியாகும். சிஆர்டி ஷேடருக்கு ஒரு மூல வரிக்கு மூன்று நான்கு திரை வரியாவது வேண்டும். ஒன்று இருட்டு இடைவெளி, மீதி வெளிச்சம். முழு மடங்கில்லாத உயரத்தில் போட்டால் அலையலையாகப் பட்டைகள் தோன்றும்; வளைந்த திரை போலக் காட்டும் வகைகளில் இன்னும் மோசம். படம் இருண்டுவிட்டால் ஷேடரைக் குறை சொல்லாமல் மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் நெளிந்தால் டிவியைச் சந்தேகியுங்கள். பல டிவிகள் எச்டிஎம்ஐ படத்தையும் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' போன்ற தேர்வு அதை நிறுத்தும். 'எச்டி ரெடி' என்று விற்ற டிவிகள் பலவற்றின் உண்மையான திரை 1366-க்கு 768. 720 அனுப்பினாலும் 1080 அனுப்பினாலும் அது தன் அளவுக்கு மறுபடி இழுக்கும். நீங்கள் போட்ட முழு மடங்கு அங்கே கலைந்துவிடும். 1366-க்கு 768-ஐயே ஏற்றுக்கொள்ளும் டிவி என்றால் அதை அனுப்பி 3 மடங்கு போடுங்கள். ஏற்காது என்றால் முழு மடங்கை மறந்துவிட்டு ஷார்ப் பைலீனியரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று: இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய டிவி முறை பால் (PAL) என்பதால் விளையாட்டின் பால் பதிப்புதான் நமக்கு உகந்தது என்று எண்ண வேண்டாம். பால் பதிப்புகள் 50 ஹெர்ட்ஸ். 60-க்குச் செய்ததை அப்படியே 50-ல் ஓடவிட்ட விளையாட்டுகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக நகரும், கூடுதல் வரிகள் கறுப்பாகக் கிடக்கப் படம் நசுங்கித் தெரியும். எந்த விகிதச் செட்டிங்கும் வேகத்தைத் திருத்தாது. மானிட்டருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, என்டிஎஸ்சி பதிப்பை ஆடுங்கள்.

3டி: ஏற்றலாம், எவ்வளவு என்பதுதான் கேள்வி

பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷன் எமுலேட்டரில் 720-க்கு 3 மடங்கு, 1080-க்கு 5, 1440-க்கு 6, 4கே-க்கு 9 என்று வைக்கலாம். ஆனால் உள் ரெசல்யூஷனை மட்டும் ஏற்றினால் ஏமாற்றம்தான். அந்த இயந்திரம் முக்கோணத்தின் முனைகளை முழு எண் பிக்சலில்தான் வைத்தது, பின்னத்தைத் தள்ளிவிட்டது. கூர்மை ஐந்து மடங்கானாலும் முனைகள் பழைய கட்டத்திலேயே தாவுவதால் சுவர்களின் நடுக்கம் முன்பைவிடத் துல்லியமாகத் தெரியும். 'பிஜிஎக்ஸ்பி ஜியாமெட்ரி கரெக்ஷன்' போட்டால்தான் பின்னங்கள் காக்கப்பட்டு நடுக்கம் நிற்கும். தரை ஓடுகள் நடக்க நடக்க வளைவதற்குக் காரணம் வேறு, தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் டெக்ஸ்ச்சரை (முக்கோணத்தின் மேல் ஒட்டும் படத்தை) ஒட்டியது. அதற்குப் பக்கத்திலேயே தனித் தேர்வு உண்டு. 'ட்ரூ கலர்' போட்டால் 15 பிட் நிறத்தை மறைக்கத் தூவிய புள்ளிகள் போய்விடும். பிஜிஎக்ஸ்பி போட்டதும் முக்கோணங்களுக்கிடையே ஓட்டைகள் தெரிந்தால் அந்த விளையாட்டுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்.

ஃபைனல் ஃபேன்டசி 7, ரெசிடென்ட் ஈவில் போன்றவை இதற்கு ஒத்துவராத வகை. அவற்றின் பின்னணி முன்பே வரைந்து வைத்த படம். ஏற்றினாலும் அது ஏறாது. ஆட்கள் மட்டும் கத்தி போலக் கூராகி, மங்கிய படத்தின் மேல் வெட்டி ஒட்டியது போல நிற்பார்கள். இவற்றை 1 மடங்கிலோ 2 மடங்கிலோ வைத்துச் சிஆர்டி ஷேடர் போட்டால் ஆளும் பின்னணியும் ஒரே படமாகச் சேரும். முழுக்க 2டி-யான பிளேஸ்டேஷன் விளையாட்டுகளுக்கும் 1 மடங்கே சரி.

நின்டெண்டோ 64-ல் முக்கோணங்கள் ஏறும், ஆனால் எழுத்துகளும் 2டி படங்களும் பல துண்டுகளாக அடுக்கப்பட்டவை. ஏற்றும்போது துண்டுகளுக்கிடையே மெல்லிய கோடு தெரியும். நின்டெண்டோ 64 எமுலேட்டர்களில் படம் வரையும் பகுதியான பேரலல்-ஆர்டிபி அந்தத் துண்டுகளை மட்டும் பழைய ரெசல்யூஷனிலேயே வரையும் தேர்வைத் தருகிறது. 2 அல்லது 4 மடங்கோடு அதைச் சேர்த்துப் போடுங்கள்.

பிளேஸ்டேஷன் 2-ன் படம் பெரும்பாலும் 640 அல்லது 512-க்கு 448. பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் 1080 திரைக்கு 3 மடங்கு போதும், 4கே-க்கு 6. இங்கே வரும் கோளாறுகள் பலவற்றுக்கு வேர் இது: விளையாட்டு தான் வரைந்த படத்தையே எடுத்து, அரைப் பிக்சல் நகர்த்தி, ஒளிவட்டம் போல மேலே பூசும். ஏற்றும்போது அந்த அரைப் பிக்சல் கணக்குத் தப்பி, ஆளின் பக்கத்தில் ஆவி போல இரட்டை உருவம் நிற்கும். 'ஹாஃப் பிக்சல் ஆஃப்செட்' அதற்கான மருந்து. டெக்கன், சோல் கேலிபர், ஏஸ் காம்பாட் போன்ற நாம்கோ விளையாட்டுகளில் நெடுக்குக் கோடுகள் வந்தால் 'அலைன் ஸ்பிரைட்'. ஆனால் இவற்றைக் கையால் போடும் முன் யோசியுங்கள்: எமுலேட்டர் தன் பட்டியலில் இருந்து ஒவ்வொரு விளையாட்டுக்கும் தானே திருத்தம் போடுகிறது, கையால் போடும் வசதியைத் திறந்ததும் தானியங்கித் திருத்தங்கள் நின்றுவிடும்.

கேம்கியூபுக்கு டால்ஃபின் எமுலேட்டரில் 1 மடங்கு என்பது 640-க்கு 528, 3 மடங்கு 1920-க்கு 1584. திரையைவிட அதிகமாக வரைந்து சுருக்குவது விளிம்புகளை மழுப்ப உதவும், அதனால் வீணில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் 2 மடங்கில் தொடங்குங்கள். ஆட்டம் திணறினால் 1 மடங்குக்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் திணறினால் தடை பெரும்பாலும் கிராஃபிக்ஸில் இல்லை, சிபியுவில் இருக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை, திரும்ப ஏற்றிவிடலாம்.

பிஎஸ்பியில் சண்டையே இல்லை. 480-க்கு 272, நான்கு மடங்கில் 1920-க்கு 1088. எட்டு வரிதான் அதிகம்.

அகலத்திரை ஆசை

4:3 விளையாட்டை 16:9-ல் ஆட இரண்டு வழிகள். கிரான் டூரிஸ்மோ 4 போலத் தன் மெனுவிலேயே 16:9 தரும் விளையாட்டு என்றால் தயங்காமல் போடுங்கள். ஆனால் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும்: விளையாட்டுக்குள் 16:9, எமுலேட்டரின் விகிதத்திலும் 16:9. முதலாவதை மட்டும் மாற்றினால் ஆட்கள் ஒல்லியாவார்கள், இரண்டாவதை மட்டும் மாற்றினால் குண்டாவார்கள்.

இன்னொன்று எமுலேட்டர் தரும் 'வைட்ஸ்கிரீன் ஹேக்'. இது கேமராவின் பார்வையைப் பலவந்தமாக விரிக்கிறது. வேலை மிச்சம் பிடிக்க, 4:3-க்கு வெளியே இருப்பதை விளையாட்டு வரையாமலே விட்டிருக்கும். எனவே திரை ஓரத்தில் மரங்களும் எதிரிகளும் திடீரென முளைத்து மறைவார்கள். உயிர் அளவுப் பட்டையும் எழுத்தும் வீடியோக் காட்சியும் இழுபடும். பின்னணி வரைந்து வைத்த விளையாட்டுகளில் இது சுத்தமாக உதவாது. கார்ப் பந்தயம் போன்றவற்றில் சில நேரம் நன்றாக அமையும். பிளேஸ்டேஷன் 2-க்கு ஹேக்கைவிட, அந்தந்த விளையாட்டுக்கென எழுதிய வைட்ஸ்கிரீன் பேட்ச் (சிறு திருத்தம்) இருந்தால் அதுவே மேல்.

கைக்கு அடங்கும் திரைகள்

கேம் பாய்க்கும் கேம் பாய் அட்வான்ஸுக்கும் திரை எல்சிடி, பிக்சல் சதுரம், விகிதச் சண்டை கிடையாது. 1080-ல் 240-க்கு 160 படம் 6 மடங்காகி 1440-க்கு 960. கேம் பாயின் 160-க்கு 144 படம் 7 மடங்காகி 1120-க்கு 1008. அட்வான்ஸ் விளையாட்டுகளின் நிறம் பளீரென்று கண்ணைக் குத்தினால் கலர் கரெக்ஷனைப் போடுங்கள். முதலில் வந்த அட்வான்ஸில் பின்னொளி இல்லாததால் வேண்டுமென்றே தூக்கி வைத்த நிறங்கள் அவை.

மியூ மினி, ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் போன்ற 640-க்கு 480 கைக்கருவிகளில் பிளேஸ்டேஷனின் 320-க்கு 240 படம் இரண்டு மடங்கில் விளிம்பு வரை கச்சிதமாக உட்காரும். அட்வான்ஸ் அங்கே 480-க்கு 320 ஆகிச் சிறுத்துவிடும். அத்தனை சிறிய திரையில் அகலம் முழுவதும் இழுத்து ஷார்ப் பைலீனியர் போடுவதே கண்ணுக்கு நல்லது.

கைப்பேசியில் 4:3-ஐ விட்டு நிரப்பத் தோன்றும், ஏனென்றால் 2400-க்கு 1080 திரையில் இருபக்கமும் 480 பிக்சல் கறுப்பாகக் கிடக்கும். அந்தக் கறுப்பில்தான் தொடுபொத்தான்கள் உட்கார வேண்டும். படத்தை இழுத்து நிரப்பினால் கட்டைவிரல்கள் படத்தின் மேல் ஏறும், இடது ஓரத்தில் வரும் எதிரி உங்கள் விரலுக்கு அடியில்தான் வருவான்.